மின்னல் மூட்டிய தீயை எரிய விடலாமா?

தீ பிடித்தால் அணைக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. பக்கத்து வீட்டில் புகை வந்தால் யாரும் நின்று யோசிக்க மாட்டோம். பொம்பாவுக்குப் போன் போடுவோம், வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அணைக்கக்கூடிய தீயைக் கைகட்டி வேடிக்கை பார்ப்பவனை நல்லவன் என்று எந்தச் சமயமும் சொல்லாது.

ஆனால் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சியரா நெவாடா மலைத்தொடரில், யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. இல்லிலூயெட் ஓடைப் படுகை என்று பெயர். சுமார் 150 சதுர கிலோமீட்டர். அங்கே 1972 முதல் மின்னல் விழுந்து பற்றும் தீயில் பெரும்பாலானவற்றை அணைக்காமல் எரிய விடுகிறார்கள். அலட்சியத்தால் இல்லை, ஆள் இல்லாமலும் இல்லை. எரிய விடுவதுதான் அந்தக் காட்டுக்கு நல்லது என்று முடிவெடுத்து, கண்காணித்து, எரிய விடுகிறார்கள்.

பொறியியல் படிக்கிறவன் என்ற முறையில் முதலில் என்னை இழுத்தது இதன் தொழில்நுட்பம்தான். படிக்கப் படிக்க, இதற்குள் ஒரு தர்மக் கேள்வி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தீயை மூட்டியது நாம் இல்லை, வானம். அதை அணைக்கும் சக்தி நம்மிடம் இருக்கிறது. அணைக்காமல் விட்டு, அந்தத் தீ ஒருவரின் வீட்டை எரித்துவிட்டால், அந்தப் பாவம் யாருடையது? மின்னலுடையதா, நம்முடையதா?

அமெரிக்கக் காட்டைப் பற்றி நமக்கு என்ன கவலை என்று சிலர் நினைக்கலாம். "நான் ஒன்றும் செய்யவில்லையே" என்ற பதிலை நாம் எல்லாருமே ஏதாவது ஓர் இடத்தில் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறோம். அந்தப் பதில் எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்க இந்தக் காடு நல்ல இடம்.

காலை 10 மணிக்குள்

முதலில் கொஞ்சம் வரலாறு. 1910 ஆகஸ்ட் 20, 21 தேதிகளில் இடாஹோ, மோன்டானா மலைகளில் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த பல தீக்களைப் பலத்த காற்று ஒன்றாக்கிவிட்டது. இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் சாம்பலானது. 80 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தீயை அணைக்கப் போனவர்கள். அப்போது அமெரிக்க வனத்துறைக்கு வயது ஐந்துதான். அந்த அடி அதன் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. தீ என்றால் எதிரி, எதிரியை முளையிலேயே அழிக்க வேண்டும் என்பது கொள்கையானது. 1935-இல் இன்னும் கறாரான விதி வந்தது. எந்தத் தீ கண்ணில் பட்டாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

கேட்க நல்ல விதியாகத்தான் இருக்கிறது. அதற்கும் விலை இருந்தது. 1949 ஆகஸ்ட் 5, மோன்டானாவில் மேன் கல்ச் என்ற செங்குத்தான பள்ளத்தாக்கில் மின்னலால் பற்றிய தீயை அணைக்க 15 பேர் பாராசூட்டில் குதித்தார்கள். ஏற்கெனவே அங்கே தீயோடு போராடிக்கொண்டிருந்த ஒருவர் அவர்களோடு சேர்ந்துகொண்டார். தீ திடீரென்று திரும்பிப் புல்வெளியில் ஏறி அவர்களைத் துரத்தியது. சரிவு 10 பாகை கூடினால் மேலேறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது துறையில் எல்லாரும் சொல்லும் கணக்கு. மனிதனோ மேட்டில் ஏற ஏற மெதுவாகிறான். 13 பேர் இறந்தார்கள்.

பிழைத்த மூவரில் ஒருவர் குழுத் தலைவர் வாக்னர் டாட்ஜ். ஓடி ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் நின்று, தீக்குச்சியைக் கிழித்து, தன் முன்னால் இருந்த புல்லுக்கே தீ வைத்தார். அது எரிந்து முடிந்த சாம்பல் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். பெருந்தீ வந்தபோது அங்கே எரிய ஒன்றும் மிச்சமில்லை. அதனால் சுற்றிக்கொண்டு போய்விட்டது. முன்பே எரிந்த இடத்தில் தீக்குச் சாப்பாடு இல்லை. இந்த ஒரு வாக்கியம் புரிந்தால் மீதிக் கதை முழுவதும் புரியும்.

அணைக்க அணைக்க என்ன ஆனது?

சியரா நெவாடா போன்ற மலைக்காடுகளில் கோடை வறண்டது. மின்னல் அடிக்கடி தீயை மூட்டும். அங்கே வாழ்ந்த மீவோக் போன்ற பூர்வகுடி மக்களும் வேண்டிய இடத்தில் வேண்டிய பருவத்தில் தாங்களே தீ வைத்துக் காட்டைப் பராமரித்தார்கள். சிறு தீக்கள் தரையோடு ஊர்ந்து சருகையும் சின்னக் கன்றுகளையும் எரித்துவிட்டுப் போகும். தடித்த பட்டை உள்ள பெரிய மரங்கள் நிற்கும். பூர்வகுடி மக்களை அங்கிருந்து விரட்டி, மின்னல் தீயையும் அணைக்க ஆரம்பித்த பிறகு, எரிய வேண்டியதெல்லாம் தரையில் சேர்ந்துகொண்டே வந்தது. பெரிய மரங்களுக்கு அடியில் இளமரங்கள் நெருக்கமாக வளர்ந்தன. தரைத் தீ அந்த இளமரங்கள் வழியே ஏணியில் ஏறுவது போல உச்சிக்குப் போகும். உச்சிக்குப் போன தீயை எந்தப் படையாலும் அடக்க முடியாது.

இன்னொரு விஷயமும் தெரிய வந்தது. உலகின் ஆகப் பெரிய மரமான செக்கோயாவுக்குத் தீ தேவை. வெப்பம் பட்டால் அதன் காய்கள் உலர்ந்து திறந்து விதையைக் கொட்டும். அந்த விதை முளைக்கச் சருகு இல்லாத வெறும் மண்ணும் வெயிலும் வேண்டும். தீயே வராதபடி காத்த தோப்புகளில் குட்டி மரங்கள் முளைக்கவில்லை. காப்பாற்றுகிறோம் என்று நினைத்து ஓர் இனத்தின் பிள்ளைப்பேற்றையே தடுத்திருக்கிறார்கள்.

1963-இல் லியோபோல்ட் அறிக்கை பூங்காக்களில் தீயின் இடத்தைத் திரும்பக் கொடுக்கச் சொன்னது. 1968-இல் செக்கோயா, கிங்ஸ் கேன்யன் பூங்காக்களின் உயரமான பகுதிகளில் மின்னல் தீயை எரிய விட ஆரம்பித்தார்கள். 1972-இல் இல்லிலூயெட் படுகையும் சேர்ந்தது.

அங்கே என்ன நடந்தது என்பதை கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். காடு மூடிய பரப்பு சுமார் கால் பங்கு குறைந்தது. அதன் இடத்தில் புதரும் ஈரப் புல்வெளியும் வந்தன. மரம் குறைந்தால் தண்ணீர் குறையும் என்று நாம் பள்ளியில் படித்திருப்போம். இங்கே ஓடையில் தண்ணீர் குறையவில்லை, மண்ணில் ஈரம் கூடிய இடங்களும் உண்டு. நெருக்கமாக நிற்கும் மரங்கள் உறிஞ்சும் நீரும், இலை மேல் விழுந்து ஆவியாகும் பனியும் மிச்சமானதுதான் காரணம். 2012 முதல் சில ஆண்டுகள் நீடித்த பெரும் வறட்சியில் கலிபோர்னியாவில் 10 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் செத்தன. இந்தப் படுகையில் சாவு மிகக் குறைவு. ஒன்பது ஆண்டுகளுக்குள் எரிந்த இடத்துக்குப் புதிய தீ வந்தால் பெரும்பாலும் அதன் ஓரத்தில் நின்றுவிடுகிறது என்றும் கண்டார்கள். பழைய தீ புதிய தீக்கு வேலி. டாட்ஜ் சில நிமிடங்களில் செய்ததைக் காடு ஐம்பது ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறது.

எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2020-இல் மின்னலால் தொடங்கிய காசல் தீ, நூறு ஆண்டாகச் சேர்ந்த விறகு நிறைந்த தோப்புகளுக்குள் நுழைந்தது. அதை அணைக்கத்தான் போராடினார்கள். முடியவில்லை. உலகில் இருந்த பெரிய செக்கோயா மரங்களில் 10 முதல் 14 விழுக்காடு அந்த ஒரு தீயில் இறந்ததாகப் பூங்காத்துறை கணக்கிட்டது. ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டு வாழ்ந்த மரங்கள்! அடுத்த ஆண்டு மறுபடியும் மின்னல் தீ வந்தபோது ஜெனரல் ஷெர்மன் என்ற மிகப் பெரிய மரத்தின் அடியில் தீ தாங்கும் அலுமினியத் தாளைச் சுற்றிக் காவல் காத்தார்கள்.

ஆக, அணைப்பது என்பது தீயை ஒழிப்பது இல்லை. பல நேரங்களில் அதைத் தள்ளிப் போடுவதுதான். வட்டியோடு தள்ளிப் போடுவது.

ஒரு எச்சரிக்கை. நம்ம ஊர் மழைக்காடு வேறு, அந்தக் காடு வேறு. நம்முடைய காடு தீயோடு வளர்ந்த காடு இல்லை. 1997-இலும் 2015-இலும் நம் பள்ளிகளை மூட வைத்த புகைமூட்டம் மின்னலால் வந்ததும் இல்லை. சதுப்பு நிலத்தின் நீரை வடித்து, நிலத்தைத் துப்புரவாக்க மனிதன் வைத்த தீ அது. "எரிவது இயற்கைதானே" என்று யாராவது அதற்கு நியாயம் சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள்.

சும்மா இருப்பதும் ஒரு செயலா?

இப்போது கேள்விக்கு வருவோம். எரிய விடுவதை ஆதரிப்பவர்களில் சிலர் சொல்லும் சுலபமான வாதம் ஒன்று உண்டு: "மின்னல் இயற்கை. நாங்கள் தலையிடவில்லை. இயற்கை தன் வேலையைச் செய்கிறது." கேட்க ஆன்மிகமாகக்கூட இருக்கிறது. எல்லாம் அவன் செயல் என்று விட்டுவிடுவது போல.

இதை நான் ஏற்கவில்லை. நூறு ஆண்டுகள் அணைத்து அணைத்து விறகைச் சேர்த்து வைத்தது மனிதன். காற்றில் கரியமில வாயுவைக் கூட்டிக் கோடையை நீட்டியதும் மனிதன். மலையடிவாரத்தில் வீடு கட்டியதும் மனிதன். நாமே விறகை அடுக்கிவிட்டு, பொறி மட்டும் வானத்திலிருந்து வந்தது என்பதற்காகக் கையைக் கழுவ முடியாது.

நம் நூல்கள் இந்தத் தப்பிப்புக்கு இடம் கொடுக்கவில்லை. கீதையே, "நான் ஒன்றும் செய்யப் போவதில்லை" என்று வில்லைக் கீழே வைத்த ஒருவனுக்குச் சொன்ன பதில்தான். அதன் 4-ஆம் அத்தியாயத்தில் கண்ணன் கர்மம், விகர்மம், அகர்மம் என்று மூன்றாகப் பிரித்துப் பேசுகிறான். வெளிப்பார்வைக்குச் சும்மா இருப்பது போல் தெரிவதற்குள் செயல் இருக்கலாம் என்பது அங்கே முக்கியமான பாடம். திருக்குறளில் தெரிந்துசெயல்வகை அதிகாரத்தில் வள்ளுவரும், செய்யக் கூடாததைச் செய்வதையும் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதையும் ஒரே தட்டில் வைத்து, இரண்டாலும் கேடுதான் என்கிறார்.

அப்படியானால் அணைக்காமல் விடுவது ஒரு செயல். அணைப்பதும் ஒரு செயல். இரண்டுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். ஆனால் நம் மனது இரண்டையும் ஒரே மாதிரி எடைபோடுவதில்லை. தீயை அணைத்த அதிகாரியை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவர் அணைத்ததால் சேர்ந்த விறகு முப்பது ஆண்டு கழித்து ஒரு தோப்பையே எரித்தால், அன்றைக்கு அவர் ஓய்வு பெற்றிருப்பார், அவர் பெயரும் யாருக்கும் ஞாபகம் இருக்காது. எரிய விட்ட அதிகாரியின் பெயர் மறுநாளே பேப்பரில் வரும். தனக்கு வரும் பழியைத் தவிர்க்க, பிறக்காத பிள்ளைகள் தலையில் கடனை ஏற்றுவது எளிது. பித்ரு கடன் என்று முன்னோருக்குப் பட்ட கடனைப் பேசுகிறோம். பின்னால் வருகிறவர்களுக்கும் நாம் கடன் வைத்துவிட்டுப் போகக் கூடாது அல்லவா?

தீக்குச்சி என் கையில் இருந்தால்?

சரி, எந்தத் தீயை விடலாம், எதை விடக் கூடாது? நானாக யோசித்துப் பார்த்த ஒரு சோதனை இது. மின்னலை மறந்துவிடுங்கள். இதே இடம், இதே நாள், இதே காற்று, இதே வறட்சி. தீக்குச்சி உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் பெயரில், உங்கள் பொறுப்பில், நீங்களே இந்தத் தீயை மூட்டுவீர்களா? மூட்டுவேன் என்றால், மின்னல் மூட்டியதையும் எரிய விடலாம். ஐயோ, மாட்டவே மாட்டேன் என்றால், மின்னல் மூட்டியது என்ற ஒரே காரணத்துக்காக அது நல்ல தீ ஆகிவிடாது.

இந்தச் சோதனையின் பலன், பொறுப்பை வானத்தின் மேல் போட முடியாது என்பதுதான். இல்லிலூயெட் படுகையில் சுற்றிலும் கருங்கல் மலை. பழைய தீக்களின் வேலி இருக்கிறது. அருகில் ஊர் இல்லை. அங்கே சாதாரண ஒரு கோடையில் "மூட்டுவேன்" என்று சொல்ல நியாயம் இருக்கிறது.

2021-ஐப் பார்ப்போம். ஜூலை 4, கலிபோர்னியாவின் ஆல்பைன் மாவட்டத்தில் ஒரு மலைமுகட்டில் மின்னல் விழுந்தது. டாமராக் தீ என்று பெயரிட்டார்கள். பல நாள் அது கால் ஏக்கர்தான். சுற்றிலும் பாறை. போய்ச் சேரக் கடினமான இடம், ஆட்களை அனுப்புவது ஆபத்து என்று வனத்துறை கண்காணிப்போடு நிறுத்திக்கொண்டது. ஜூலை 16-இல் காற்று வந்தது. தீ பாய்ந்தது. மார்க்லீவில் ஊர் மக்களும் அருகிலிருந்த வாஷோ பழங்குடியினரும் வீட்டை விட்டு ஓட வேண்டியிருந்தது. மாநில எல்லை தாண்டி நெவாடாவுக்குள்ளும் போய் 68,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. பல வீடுகள் போயின. ஆகஸ்ட் தொடக்கத்தில், அந்தப் பருவம் முழுவதும் இனி எந்தத் தீயையும் நன்மைக்காக எரிய விட வேண்டாம் என்று வனத்துறைத் தலைவர் உத்தரவிட்டார்.

கடும் வறட்சி ஆண்டின் ஜூலை மாதத்தில் அந்த முகட்டில் யாராவது தீக்குச்சியைக் கிழித்திருப்பார்களா? மாட்டார்கள். என் சோதனைப்படி அதை அணைத்திருக்க வேண்டும்.

ஆனால் இங்கேதான் என் சோதனை எனக்கே போதாமல் போகிறது. அணைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். யாரை அனுப்புவது? மேன் கல்ச்சில் இறந்த 13 பேரில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள். ஒரு மரம் எரியும் செங்குத்தான முகட்டுக்கு இருபது வயதுப் பையன்களை ஏற்றி, அங்கே ஒருவன் இறந்தால், "வருங்கால வீடுகளைக் காப்பாற்றினோம்" என்று அவன் அம்மாவிடம் எப்படிச் சொல்வது? மற்ற இடங்களில் ஊர்களே எரிந்துகொண்டிருக்கும்போது ஆட்களும் போதாது. டாமராக் முடிவை எடுத்தவர்களை அரக்கர்களாகக் காட்டுவது எளிது, ஆனால் நியாயம் இல்லை. அவர்கள் தராசின் இன்னொரு தட்டில் இருந்ததும் மனித உயிர்தான்.

அதனால் சோதனையோடு இரண்டாவது கேள்வியும் வேண்டும்: நான் இதை விடுவது காட்டுக்கு நல்லது என்பதாலா, அல்லது அணைக்க என்னால் இயலவில்லை என்பதாலா? இரண்டும் நேர்மையான காரணங்களாக இருக்கலாம். ஒன்றுக்கு இன்னொன்றின் சட்டையை மாட்டிவிடுவதுதான் பொய். காட்டுக்கு நல்லது என்றால் முன்கூட்டியே திட்டம் போட்டிருக்க வேண்டும். ஆள் இல்லை என்றால் அதை ஊர் மக்களிடம் வெளிப்படையாகச் சொல்லி, அவர்கள் சாமான் கட்ட நேரம் கொடுத்து, ஆள் கேட்டு மேலிடத்தோடு சண்டை போட்டிருக்க வேண்டும். இயலாமைக்குக் கொள்கை என்று பெயர் சூட்டினால் அந்த இயலாமை ஒருநாளும் சரியாகாது.

காண்டவ வனத்தை மறக்க வேண்டாம்

காட்டுத் தீ என்றதும் சமய வகுப்பில் படித்தவர்களுக்குக் காண்டவ வனம் ஞாபகம் வரும். மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் வருகிறது. அக்கினி பகவான் பசியோடு வந்து கேட்க, கண்ணனும் அர்ஜுனனும் காட்டின் ஓரங்களில் நின்று அதை எரிக்க உதவுகிறார்கள். இடி மின்னலுக்கு அதிபதியான இந்திரன் மழையால் அணைக்கப் பார்க்கிறான். அர்ஜுனன் அம்பால் தடுக்கிறான். தப்பி ஓடும் உயிர்களையும் விடவில்லை. "கிருஷ்ணரே இப்படிச் செய்யலாமா அண்ணா?" என்று சின்னப் பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

அந்தப் பகுதிக்குப் பெரியவர்கள் பல விளக்கம் சொல்வார்கள். எனக்குப் பட்டது ஒன்று. இதிகாசம் அந்தத் தீயை மறக்க விடவில்லை. தட்சகனின் மகன் அசுவசேனன் அந்தத் தீயில் தாயை இழந்து தப்பினான். பல ஆண்டு கழித்து குருக்ஷேத்திரத்தில் கர்ணனின் அம்பில் ஏறி அர்ஜுனனின் தலையைத் தேடி வந்தது அவன்தான். உயிர் தப்பிய மயன் நன்றிக்குக் கட்டிய சபையில்தான் துரியோதனனின் பொறாமை பற்றி எரிந்தது. அர்ஜுனனின் பேரன் பரீட்சித்து இறந்தது தட்சகனின் விஷத்தால். எரித்தது எவ்வளவு பெரியவர்களாக இருந்தாலும், எரிந்ததின் கணக்கு திரும்பி வந்தது. தீ வைப்பதோ விடுவதோ, செய்தவன் அதன் பலனிலிருந்து கழன்றுகொள்ள முடியாது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

இன்னொன்றும் அதில் இருக்கிறது. அங்கே உயிர்களுக்கு வெளியேற வழி வைக்கவில்லை. எரிய விடும் காட்டில் அது முக்கியம். மெதுவாக, திட்டுத் திட்டாக எரியும் தீயில் மான் விலகிப் போகும், பறவை பறந்துவிடும், அணில் வளைக்குள் போகும். சில சாகும், அதை மறைக்கக் கூடாது. ஆனால் விறகு சேர்த்து வைத்து ஒரே நாளில் மலையே எரிந்தால் எதற்கும் வழியில்லை. அகிம்சை பேசுகிறவர்கள் இன்றைய தீயில் சாகும் உயிரை மட்டும் இல்லை, தள்ளிப் போட்ட தீயில் சாகப் போகும் உயிரையும் எண்ண வேண்டும்.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்

நம் வழிபாட்டில் தீ இல்லாத இடம் குறைவு. ஹோமம் நடக்கும்போது கவனித்துப் பாருங்கள். தீயை மூட்டிவிட்டு யாரும் சாப்பிடப் போவதில்லை. செங்கல் அடுக்கி எல்லை போட்ட குண்டம். எவ்வளவு நெய், எந்த நேரத்தில் என்று அளவு இருக்கிறது. பூர்ணாகுதி முடியும் வரை ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், கண்ணெல்லாம் புகையில் சிவந்திருந்தாலும். தீமிதிக்கு முன் பூக்குழியைப் பார்த்திருக்கிறீர்களா? கட்டையை எரிய விட்டு, தணலை வாரிப் பரப்பி, சமமாக்கி, மணிக்கணக்கில் அதோடு நிற்பவர்கள் இருக்கிறார்கள். நடப்பவரின் பக்தியைப் பேசுகிற நாம், குழி பார்ப்பவரின் கவனத்தைப் பேசுவதில்லை.

மலைக்காட்டில் எரிய விடுவதும் இப்படி இருந்தால்தான் தர்மம் என்று எனக்குத் தோன்றுகிறது. கோடை வருமுன்பே எந்த இடத்தில், எந்த வறட்சி அளவு வரை, எந்தக் காற்று வரை என்று எழுதி வைக்க வேண்டும். எந்தக் கோட்டைத் தாண்டினால் அணைக்கப் போவோம் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கீழே வாழும் ஊர்க்காரர்களையும், தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் தீ வைத்துப் பழகிய பூர்வகுடி மக்களையும் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது. தீ அணையும் வரை ஆள் இருக்க வேண்டும். தப்பாகப் போனால் "மின்னல்தான்" என்று சொல்லாமல், "நாங்கள் எடுத்த முடிவு" என்று சொல்ல வேண்டும். அதே மாதிரி அணைக்கிறவர்களும், அணைத்த இடத்தில் சேரும் விறகுக்கு என்ன வழி என்று அன்றைக்கே சொல்ல வேண்டும். தீயை அணைத்ததோடு கடமை முடியவில்லை.

இவ்வளவு செய்தாலும் சில ஆண்டுகளில் தப்பும். 1988-இல் யெல்லோஸ்டோன் பூங்காவில் தப்பியது. அதற்கு முந்தைய 16 ஆண்டுகளில் 235 தீக்களை எரிய விட்டிருந்தார்கள், எல்லாம் சேர்ந்து 34,000 ஏக்கர்கூட எரியவில்லை. அந்த ஒரு வறண்ட கோடையில் பூங்காவின் 36 விழுக்காட்டுக்குள் தீ போனது. அவற்றில் சில மின்னல் தீ, சில மனிதர் வைத்தவை. ஜூலை கடைசியில் எல்லாவற்றையும் அணைக்க முடிவெடுத்து, சுமார் 25,000 பேர் முறை வைத்துப் போராடினார்கள். கடைசியில் செப்டம்பரில் விழுந்த பனிதான் தீயைத் தணித்தது. 235 முறை சரியாக வந்த கணக்கு ஒருமுறை கவிழ்ந்தது. பூங்கா செத்துவிட்டது என்றார்கள். ஆனால் லாட்ஜ்போல் பைன் மரங்களின் பிசின் ஒட்டிய காய்கள் அந்த வெப்பத்தில் திறந்து, இன்று அங்கே இளங்காடு நிற்கிறது. வெற்றி என்றும் சொல்ல முடியாது, தோல்வி என்றும் சொல்ல முடியாது. தர்மத்தின் வழி நுட்பமானது என்று இதிகாசத்தில் பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது சும்மா இல்லை.

பொறியாளனாகப் போகிற எனக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. கொதிகலனில் பாதுகாப்பு வால்வு என்று ஒன்று உண்டு. அழுத்தம் கூடினால் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியை விடும். அதை இறுக்கி மூடினால் அன்றைக்கு அமைதியாக இருக்கும், பிறகு ஒருநாள் வெடிக்கும். ஆனால் வால்வு தானே வேலை செய்யும் என்று நம்பி யாரும் பார்க்காமல் விட்டாலும் வெடிக்கும். மூடி வைப்பதும் பாவம், பார்க்காமல் விடுவதும் பாவம்.

நம் வீட்டில், சங்கத்தில், வேலை இடத்தில் நாம் தொடாமல் விடுகிற விஷயங்கள் நிறைய இருக்கின்றன. சிலவற்றைத் தொடாமல் விடுவதே நல்லது, அதுவாகச் சரியாகும். சிலவற்றை உடனே தொட வேண்டும். எது எது என்று எனக்கு எல்லா இடத்திலும் தெரியாது. ஆனால் ஒன்றை விடுவது என்று முடிவெடுத்தால், "நான் ஒன்றும் செய்யவில்லை" என்று சொல்லாமல், "நான்தான் விட்டேன், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லப் பழக வேண்டும். அப்படிச் சொல்லத் தைரியம் இல்லாத இடத்தில் எழுந்து போய் அணைப்பதுதான் முறை.